சிக்கிக்கொண்ட ஞானப்பல்: எடுப்பதா, விடுவதா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஞானப்பல் விஷயத்தில் மக்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு விதமாக. நடுராத்திரியில் கடைவாய் தெறிக்க, காலையில் வாயைத் திறக்கவே முடியாமல் டாக்டரிடம் ஓடி "இதைப் பிடுங்கித் தொலைங்க" என்று கெஞ்சுவது ஒன்று. பல் சுத்தம் செய்யப் போன இடத்தில் முழுத் தாடைக்கும் எக்ஸ்ரே எடுத்து, படுத்துக் கிடக்கும் பல்லைத் திரையில் காட்டி, "இது இருக்கக் கூடாது, எடுத்துடலாம்" என்று டாக்டர் சொல்வது இன்னொன்று. இந்த இரண்டு நேரமும் முடிவெடுக்க நல்ல நேரம் இல்லை. வலியில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். வலி இல்லாதவர் படத்தைப் பார்த்து மிரண்டு தலையாட்டுவார், இல்லையென்றால் அந்த கிளினிக் பக்கமே அப்புறம் போகமாட்டார்.

பல் சிக்கியிருப்பது மட்டும் நோய் ஆகாது. ஞானப்பல் என்று நாம் சொல்லும் மூன்றாம் கடைவாய்ப் பல் சுமாராக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கிறது. தாடையில் கடைசியாக வருவதால் பலருக்கு இடம் போதாமல் சாய்ந்தோ, பாதி முளைத்தோ, எலும்புக்குள்ளேயோ நின்றுவிடுகிறது. அப்படியே ஆயுள் முழுக்கத் தொந்தரவில்லாமல் இருப்பவர்களும் உண்டு. ஆகவே பார்க்க வேண்டியது மூன்று: நோய் வந்துவிட்டதா, வரும் வாய்ப்பு எவ்வளவு, எடுப்பதால் வரக்கூடிய தொல்லை அதைவிடப் பெரிதா. கீழே இருப்பது இந்த மூன்றையும் எடைபோடும் வரிசை.

1. அவசரமா என்று முதலில் பாருங்கள்

வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்குவது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போவது, மூச்சு விடச் சிரமம், நாக்குக்கு அடியில் வீங்கி நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, குளிர்காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். எந்நேரமானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கீழ்க் கடைவாயில் கிளம்பும் சீழ் கழுத்துக்குள் பரவினால் மூச்சுப் பாதையையே அடைத்துவிடும். அபூர்வம்தான், ஆனால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை.

2. வலியை அடக்குங்கள், முடிவு அப்புறம்

ஞானப்பல் வலி என்று வருபவர்களில் நிறையப் பேருக்குப் பல்லில் கோளாறு இருக்காது. பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மடிப்பாக மூடியிருக்கும். அந்த மடிப்புக்கு அடியில் சோற்றுப் பருக்கையும் தேங்காய்த் துருவலும் போய்த் தங்கி, கிருமி பெருகி, ஈறு வீங்கும். வீங்கிய ஈறை மேல் ஞானப்பல் ஒவ்வொரு கடிக்கும் மிதிக்கும். வீக்கம் இன்னும் கூடும். வாய்க்குள் மூன்று விரலை நெட்டாக நுழைக்க முடிந்தால் வாய் சரியாகத் திறக்கிறது என்று அர்த்தம். இந்த நேரத்தில் ஒரு விரல் போவதே கஷ்டமாக இருக்கும். வாயில் கெட்ட வாடையும் உப்புக்கரிப்பும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு முதல் மருத்துவம் கழுவுவதுதான். பல் மருத்துவர் அந்த மடிப்புக்கு அடியில் மருந்து நீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வார். வீட்டில் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, சாப்பாட்டுக்குப் பிறகெல்லாம் கொப்பளிக்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பான் கொடுத்தால் சொன்ன நாட்களுக்கு மட்டும். நீண்ட நாள் தொடர்ந்தால் பல்லில் கறை ஏறும். மேல் பல் மிதிப்பதுதான் பிரச்சினை என்றால், அந்த மேல் பல்லை மட்டும் எடுத்தாலே சிலருக்கு அடங்கிவிடும். நேராக முளைத்த மேல் ஞானப்பல்லை எடுப்பது பெரும்பாலும் சுலபமான வேலை.

ஆன்டிபயாடிக் மாத்திரை எல்லாருக்கும் வேண்டியதில்லை. காய்ச்சல், பரவும் வீக்கம், வாய் திறக்க முடியாமை இருந்தால் மருத்துவர் எழுதிக் கொடுப்பார். மெடிக்கல் ஷாப்பில் "பல் வலிக்கு ஒரு செட்" என்று வாங்கி மூன்று நாள் போட்டு, ரெண்டு மாதம் கழித்து மறுபடி அதே செட்டை வாங்குகிற பழக்கம் இருக்கிறதே, அதில் தற்காலிகமாக வலி அடங்குமே தவிர, மடிப்புக்கு அடியில் சிக்கிய உணவு அப்படியே இருக்கும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது மது கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறின் மேல் வைத்து அடக்காதீர்கள். ஈறு வெந்து வெள்ளையாகிவிடும். கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றினாலும் இதே கதை. கன்னத்தில் வெளியே சூட்டு ஒத்தடமும் வேண்டாம்.

எத்தனையாவது தடவை இப்படி வீங்குகிறது என்பதைக் குறித்து வையுங்கள். எந்தச் சிகிச்சை யாருக்கு வேண்டும் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், மிகக் கடுமையாக இருந்தாலொழிய முதல் தடவை ஈறு வீங்குவதை மட்டும் வைத்துப் பல்லை எடுக்க வேண்டியதில்லை, இரண்டாவது தடவையிலிருந்து எடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்றது. எளிமையான, பயன்படுத்தத் தகுந்த அளவுகோல் இது.

3. எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள்

முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே இதற்குப் போதும். சின்ன ஃபிலிமில் எடுக்கும் படத்தில் பல்லின் வேர் நுனி வரை விழாமல் போகலாம். சீட்டில் 38, 48 என்று எழுதியிருந்தால் கீழ் இடது, கீழ் வலது ஞானப்பற்கள். 18, 28 என்றால் மேல் வலது, மேல் இடது.

படத்தை டாக்டர் கையில் வைத்திருக்கும்போதே மூன்றைச் சுட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதலாவது, சாய்வு. கீழ்த் தாடையில் அதிகம் பார்ப்பது முன்பக்கம் சாய்ந்து, முன்னால் நிற்கும் பல்லில் முட்டிக்கொண்டிருக்கும் வகை. நேராக நிற்பது, முழுக்கப் படுத்துக் கிடப்பது, பின்பக்கம் சாய்வது என்றும் உண்டு. பின்பக்கம் சாய்ந்தது பார்க்க ஒன்றும் இல்லாததுபோல இருக்கும், எடுப்பதற்கு அதுதான் படுத்தும்.

இரண்டாவது, ஆழம். முழுக்க எலும்புக்குள் புதைந்திருக்கிறதா, ஈறுக்கு அடியிலா, பாதி வெளியே வந்ததா? இதில் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். ஆழமாகப் புதைந்த பல்தான் ஆபத்து என்று தோன்றும். ஆனால் வாயோடு தொடர்பே இல்லாத பல்லுக்குக் கிருமி போக வழி குறைவு. அதிகத் தொல்லை தருவது பாதி எட்டிப்பார்க்கும் பல்தான்.

மூன்றாவது, நரம்பு. கீழ்த் தாடை எலும்புக்குள் ஒரு கால்வாய் ஓடுகிறது. படத்தில் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கருத்த பாதையாகத் தெரியும். கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதற்குள் போகிறது. பல்லின் வேர் அந்தப் பாதையைத் தொடுகிறதா, தாண்டுகிறதா என்பது முக்கியம். 1990-இல் ரூட், ஷெஹாப் என்ற இருவர் தொகுத்துச் சொன்ன அடையாளங்களை அறுவை மருத்துவர்கள் இன்றும் தேடுகிறார்கள். கால்வாயின் வெள்ளைக்கோடு வேருக்கு நேராக அறுபட்டிருப்பது, வேர் அந்த இடத்தில் கருத்துத் தெரிவது, கால்வாயே வளைந்து போவது ஆகிய மூன்றையும் குறிப்பாகக் கவனிப்பார்கள். இப்படி ஏதாவது தெரிந்தால் சி.பி.சி.டி. என்கிற முப்பரிமாண ஸ்கேன் கேட்பது நியாயம். எதுவும் தெரியாதபோது கேட்டால், "எதற்கு?" என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

4. முன்னால் நிற்கும் பல்லைப் பாருங்கள்

என் அபிப்பிராயத்தில் இந்தக் கணக்கிலேயே கனமான பகுதி இதுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் கேட்காமல் விடுவதும் இதையேதான். ஞானப்பல் போனால் பெரிய நஷ்டம் இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் இரண்டாம் கடைவாய்ப் பல் மெல்லுவதற்கு வேண்டிய பல். சாய்ந்த ஞானப்பல் அதன் முதுகில் முட்டி நிற்கும்போது, இரண்டுக்கும் நடுவே ஒரு முக்கோண இடுக்கு விழுகிறது. கீரையும் கொய்யா விதையும் அங்கே இறங்கினால் பிரஷ் எட்டாது. காலப்போக்கில் நல்ல பல்லின் பின்பக்கம், ஈறுக்குக் கீழே, சொத்தை பிடிக்கும். கண்ணாடியில் தெரியாது, ரொம்ப நாள் வலியும் இருக்காது. தெரியவரும்போது சில சமயம் வேர் சிகிச்சை வேண்டியிருக்கும். சொத்தை வேர் வரை இறங்கிவிட்டால் அந்தப் பல்லும் போகும்.

நைஸ் வழிகாட்டுதலின் மேல் பின்னாளில் வந்த விமர்சனமும் இதைத்தான் சுட்டியது. நோய் வரும் வரை காத்திருங்கள் என்றதால், ஞானப்பல்லை எடுக்கும் வயது தள்ளிப்போனது. அதற்குள் முன் பல் கெட்டுப்போய் வருகிறவர்கள் கூடினார்கள். ஆகவே பாதி முளைத்து, முன்சாய்ந்து, அடுத்த பல்லின் கழுத்தில் முட்டும் கீழ் ஞானப்பல்லை வலியில்லை என்பதற்காக மட்டும் மறந்துவிடக் கூடாது. "முன் பல்லின் பின்பக்கம் சொத்தையோ எலும்புத் தேய்மானமோ ஆரம்பித்திருக்கிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

அந்த முன் பல் ஏற்கெனவே போய்விட்டது, அல்லது பிழைக்காது என்றால் கணக்கு மாறும். பின்னால் இருக்கும் ஞானப்பல் ஓரளவு நேராக முளைத்திருந்தால் அதை விட்டுவைப்பதில் லாபம் உண்டு.

5. நீங்கள் எந்த வகை?

வலி, நோய் என்று இரண்டு கேள்வி வைத்துக்கொண்டால் நான்கு நிலைமைகள் வரும்.

வலியும் உண்டு, நோயும் உண்டு: ஞானப்பல்லில் அடைக்க முடியாத சொத்தை, திரும்பத் திரும்ப ஈறு வீக்கம், சீழ், பல்லைச் சுற்றி நீர்க்கட்டி, முன் பல்லின் வேரை அரிப்பது. இங்கே யோசிக்க ஒன்றும் இல்லை, எடுக்க வேண்டும்.

வலி இல்லை, ஆனால் படத்திலோ பரிசோதனையிலோ நோய் தெரிகிறது: இதுவும் எடுக்கும் பக்கம்தான். வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடுவது இந்த வகையில்தான் அதிகம் நடக்கிறது.

வலி உண்டு, நோய் எதுவும் கண்ணில் படவில்லை: அவசரப்படாதீர்கள். தாடை மூட்டு வலி, தூக்கத்தில் பல்லை நெறிப்பது, பக்கத்துப் பல்லின் விரிசல், முளைக்கும்போது வரும் சாதாரண நோவு எல்லாமே ஞானப்பல் வலி மாதிரியே தெரியும். பல்லை எடுத்த பிறகும் அதே வலி தொடர்ந்தால் வெறுத்துப் போகும்.

வலியும் இல்லை, நோயும் இல்லை: சர்ச்சை முழுக்க இந்த வகையைப் பற்றித்தான். அமெரிக்காவில் நெடுங்காலமாகப் பதின்ம வயது முடியும்போதே நான்கையும் எடுத்துவிடும் வழக்கம் பரவலாக இருந்தது. அந்நாட்டின் பொதுச் சுகாதாரச் சங்கம் 2008-இல் முன்கூட்டி எடுப்பதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அங்குள்ள வாய் முக அறுவை மருத்துவர்களின் சங்கமோ, நோய் இருந்தாலும் வரும் வாய்ப்பு அதிகமிருந்தாலும் எடுங்கள், மற்றவற்றைத் தொடர்ந்து கண்காணியுங்கள் என்கிறது. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், தொந்தரவில்லாத பல்லை எடுப்பது நல்லதா விடுவது நல்லதா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஆகவே இந்த வகையில் ஒரு டாக்டர் "கட்டாயம் எடுத்தே ஆகணும்" என்றால் காரணம் கேளுங்கள். சாய்வு, இடுக்கு, முன் பல் என்று படத்தைக் காட்டிச் சொன்னால் அது காரணம். "எப்படியும் ஒருநாள் வலிக்கும்" என்பது காரணம் ஆகாது.

6. காரணம் ஆகாத காரணங்கள்

ஞானப்பல் தள்ளுவதால்தான் கீழ் முன்பற்கள் கோணலாகின்றன என்பது மிகப் பழைய நம்பிக்கை. ஆய்வுகள் இதை ஆதரிக்கவில்லை. ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் வயதாக ஆக முன்பற்கள் நெருங்குகின்றன. கிளிப் போட்ட பற்கள் திரும்பக் கோணலாகாமல் இருக்க ரீட்டெய்னர் போட வேண்டும். அதற்காக மட்டும் ஞானப்பல்லைப் பிடுங்க வேண்டாம்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். போகாது. பல்லுக்குப் போகும் நரம்புக் கிளை உணர்ச்சிக்கானது, பார்வை நரம்போடு அதற்குத் தொடர்பில்லை. இந்தப் பயத்தால் சீழ் பிடித்த பல்லோடு வருஷக்கணக்கில் இருப்பவர்களுக்குத்தான் நிஜமான ஆபத்து.

7. எடுப்பதன் தொல்லைகளையும் தட்டில் வையுங்கள்

கீழ் உதடும் முகவாயும் மரத்துப் போவதுதான் பெரிய கவலை. தற்காலிகமாக நூற்றில் சிலருக்கு வரும். பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வேர் நரம்பை ஒட்டியிருந்தால் இந்த வாய்ப்பு கூடும். நாக்கின் நரம்பு பாதிக்கப்பட்டால் நாக்கின் ஒரு பக்கம் மரத்து, சுவையும் மாறலாம். இது எழுத்தில் சின்னதாகத் தெரியும். காபி உதட்டோரம் வழிவதே தெரியாமல் எதிரில் இருப்பவர் சொல்லித் தெரிந்துகொள்கிற நிலைமை அப்படிச் சின்னது அல்ல. வாத்தியம் ஊதுபவர், பாடுபவர், சமையலே தொழிலாக இருப்பவர் இதை இன்னும் கூடுதலாக எடைபோட வேண்டும்.

வேர் நரம்போடு பின்னியிருந்தால், பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேரை உள்ளேயே விட்டுவிடும் முறை ஒன்று உண்டு, கொரோனெக்டமி என்பார்கள். நரம்புக்கு ஆபத்து குறையும். வேரில் கிருமித் தொற்று இருந்தாலோ, பல் ஆடினாலோ இது சரிவராது. விட்ட வேர் பின்னாளில் மேலே ஏறி, மறுபடி எடுக்க வேண்டி வருவதும் உண்டு. படத்தில் நரம்பு ஒட்டியிருப்பது தெரிந்து, டாக்டர் இந்த வழியைப் பற்றிப் பேசவே இல்லையென்றால் நீங்கள் கேளுங்கள்.

மற்றபடி, எடுத்த 2 முதல் 4 நாளில் திடீரென்று காது வரை இழுக்கும் வலி வந்தால், பல் இருந்த குழியில் ரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். புகைப்பவர்களுக்கு இது அதிகம். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் சற்றுக் கூடுதல். மருந்து வைத்தால் அடங்கும். மேல் பல்லில், வேர் சைனஸ் அறைக்குப் பக்கத்தில் இருப்பதால் அபூர்வமாக அங்கே ஒரு ஓட்டை விழலாம்.

வயது இதில் பேசும். இளம் வயதில் வேர் முழுசாக வளர்ந்திருக்காது, எலும்பும் பச்சைக் கொம்பு மாதிரி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். முப்பதைத் தாண்டினால் எலும்பு இறுகும், ஆற நாளாகும், சிக்கல்களும் கூடும். எடுக்கத்தான் வேண்டும் என்று தெளிவாகிவிட்ட பல்லை இருபதுகளின் நடுவிலேயே எடுப்பது மேல். ஆனால் 45 வயதில், எலும்புக்குள் ஆழப் புதைந்து, எந்தத் தொந்தரவும் தராத பல்லை இப்போது தோண்டுவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

8. உங்கள் உடம்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்லுங்கள்

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு எல்லாரும் சொல்வார்கள். விட்டுப்போகிறவை வேறு. எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற மருந்துகள் எடுப்பவருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும் அப்படியே; அவர்கள் சிகிச்சை தந்த புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் பல்லைத் தொடவிடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்துவதால் வரும் ஆபத்து பல் குழியில் ரத்தம் கசிவதைவிடப் பெரிது. கர்ப்பமாக இருப்பவர்கள், தள்ளிப்போடக்கூடியது என்றால் பிரசவத்துக்குப் பிறகு. முடியாது என்றால் நடு மூன்று மாதங்கள்.

பாக்கு, குட்கா பழக்கத்தால் வாய் உட்சதை இறுகி, வாய் சரியாகத் திறக்காதவர்கள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்குக் கடைசிப் பல்லை எட்டுவதே பெரும் பாடு. வாய் மேலும் இறுகுவதற்குள் முடிவெடுப்பது நல்லது. பாக்கை நிறுத்துவது அதைவிட அவசரம்.

9. விடுவது என்று முடிவானால்

விடுவது என்றால் மறப்பது இல்லை. ஆண்டுக்கு ஒரு தடவை பரிசோதனை, டாக்டர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே. பழைய படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் மாற்றம் தெரியும்.

பிரஷ் செய்வதில் ஒரு நுணுக்கம். பின்னால் எட்ட வேண்டும் என்று எல்லாரும் வாயை ஆவென்று திறப்பார்கள். அப்போது கன்னம் இறுகி, தாடை எலும்பும் முன்னால் வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். வாயைப் பாதி மூடுங்கள், கன்னம் தளரும். சின்னத் தலை உள்ள பிரஷைக் கடைவாய்க்குள் விட்டு, கடைசிப் பல்லின் முதுகை அடியிலிருந்து மேலே கோதுங்கள். முதல் சில நாள் ரத்தம் கசியும், அப்புறம் நிற்கும்.

10. எடுப்பது என்று முடிவானால்

மேல் பல், நேராக வெளியே வந்த பல் என்றால் பொதுப் பல் மருத்துவரே எடுத்துவிடுவார். எலும்பை வெட்ட வேண்டியது, நரம்பை ஒட்டியது என்றால் வாய் முக அறுவைத் துறையில் எம்.டி.எஸ். படித்தவரைப் பாருங்கள். தனியாரில் செலவு தாங்காது என்றால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இந்தத் துறை இருக்கிறது; காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் சிக்கலான பற்களைத் தினமும் எடுக்கிற கைகள் அங்கே உண்டு. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளில் பல் சிகிச்சை சேராது, பாலிசியை முன்னரே பாருங்கள்.

நான்கையும் ஒரே நாளில் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு பக்கத்து மேல், கீழ் இரண்டையும் சேர்த்து எடுத்தால் மறுபக்கம் மென்று சாப்பிடலாம். பெரும்பாலும் மரப்பு ஊசியே போதும். வலி தெரியாது, அழுத்தமும் டிரில் சத்தமும் தெரியும்.

நாள் குறிப்பதிலும் யோசனை வேண்டும். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், அடங்க ஒரு வாரம் பிடிக்கும். தேர்வு, கல்யாணம், விமானப் பயணத்துக்கு முந்தின வாரம் வேண்டாம். வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் விசா வந்த பிறகு கடைசி நிமிஷத்தில் ஓடி வருகிறார்கள். ஒரு மாதமாவது இருக்கும்போதே படம் எடுத்துப் பாருங்கள். அங்கே பல் சிகிச்சைச் செலவு கண்ணைக் கட்டும் என்பது நிஜம். ஆனால் அந்தப் பயத்தில் நல்ல பல்லை எடுத்துவிட்டுப் போகவும் வேண்டாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள்: இந்தப் பல்லில் நீங்கள் பார்த்த நோய் என்ன? எடுக்காவிட்டால் அடுத்த சில வருஷங்களில் என்ன ஆகலாம்? என் பல்லின் வேர் நரம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது? யார் எடுக்கப் போகிறார்கள்? எடுத்த இரவு ரத்தம் நிற்காவிட்டால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்? பதில் சொல்ல எரிச்சல்படுகிறவரிடம் எடுக்க வேண்டாம். படத்தை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுங்கள். அந்தப் படம் நீங்கள் காசு கொடுத்து எடுத்தது, கேட்டு வாங்கலாம்.

எடுத்த மறுநாள் மரப்பு முழுக்கத் தெளிந்திருக்க வேண்டும். கீழ் உதடோ நாக்கோ அப்போதும் மரத்திருந்தால் தையல் பிரிக்கும் நாள் வரை காத்திராமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று, பஞ்சு நுனியால் தொட்டு, உணர்ச்சி இல்லாத இடத்தின் எல்லையைப் பேனாவால் குறித்து போட்டோ எடுத்து வையுங்கள். அந்த எல்லை வாரத்துக்கு வாரம் சுருங்குகிறதா என்பதை வைத்துத்தான் நரம்பு தேறுகிறதா என்று டாக்டர் சொல்வார்.